நடுக்குவாதத்துக்கு ஒரு சின்ன மாத்திரை

பிம்ப்ரியில் வாழ்பவர்களுக்கு மருந்துத் தொழிற்சாலை புதிது அல்ல. 1954-ஆம் ஆண்டு இங்கே இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் என்ற கம்பெனி தொடங்கப்பட்டது. அரசுத் துறையில் நம் நாட்டின் முதல் மருந்துத் தொழிற்சாலை அது. அங்கே பெனிசிலின் மருந்து தயாரித்தார்கள். எச்.ஏ. காலனி என்ற பெயர் அந்தக் கம்பெனியால் வந்ததுதான்.

பெனிசிலின் என்ன செய்யும்? கிருமியைக் கொல்லும். மருத்துவர் சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும். கிருமி செத்துவிடும். நோய் போய்விடும். மருந்தும் முடிந்துவிடும்.

மருந்து என்றால் நம் மனத்தில் இருப்பது இதுதான். நோய் இருந்தால் சாப்பிடு. நோய் போனால் நிறுத்து.

ஆனால் எல்லா மருந்தும் இப்படி அல்ல. நடுக்குவாத மருந்து வேறு மாதிரி. அதை நாமாக நிறுத்தினால் ஆபத்து. நாமாகக் கூட்டினாலும் ஆபத்து. அது ஏன் என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

நடுக்குவாதம் என்றால் என்ன?

இந்த நோய்க்குப் பார்க்கின்சன் நோய் என்று பெயர். 1817-ஆம் ஆண்டு லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். அவர் பெயரையே நோய்க்கு வைத்தார்கள். நம் ஊரில் நடுக்குவாதம், உதறுவாதம் என்பார்கள். மராத்தியில் கம்பவாத் என்பார்கள்.

நம் மூளையில் டோபமைன் என்ற பொருள் ஊறுகிறது. கை, கால் சீராக அசைய அது வேண்டும். நடுமூளையில் சில செல்கள் அதைச் செய்கின்றன. இந்த நோயில் அந்தச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. டோபமைன் குறைகிறது.

அப்போது கை சும்மா இருக்கும்போது நடுங்கும். உடம்பு விறைக்கும். நடை சுருங்கும். சட்டைப் பொத்தான் போட நேரம் ஆகும். முகத்தில் சிரிப்பு குறையும். குரல் தணியும். சிலருக்கு நடுக்கமே இருக்காது. விறைப்பும் மெதுவும் மட்டும் இருக்கும்.

எழுதப் படிக்கக் கற்ற நமக்கு இன்னொரு அடையாளமும் தெரிய வேண்டும். இந்த நோய் வந்தவரின் கையெழுத்து சிறுத்துக்கொண்டே போகும். வரியின் தொடக்கத்தில் பெரிதாக இருக்கும். வரி முடியும்போது எறும்பு போல ஆகிவிடும். வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். வயதாகிவிட்டது என்று வீட்டில் நினைப்பார்கள். மருத்துவரிடம் காட்ட வேண்டிய அடையாளம் அது.

மாற்றுச் சாவி

டோபமைன் ஒரு சாவி போன்றது. மூளையில் அதற்குப் பூட்டு இருக்கிறது. சாவி திறந்தால் கை அசையும். சாவி குறைந்துவிட்டால் என்ன செய்வது? இரண்டு வழி உண்டு.

ஒன்று, மூளைக்கு மூலப்பொருள் கொடுப்பது. அதற்கு லெவோடோபா என்று பெயர். மூளை அதை டோபமைனாக மாற்றிக்கொள்ளும்.

இந்த லெவோடோபா நம் ஊர்ச் செடியிலேயே இருக்கிறது. பூனைக்காலிச் செடி உங்களுக்குத் தெரியும். காய் மேலே பட்டால் அரிப்பு எடுக்கும். மராத்தியில் காஜ்குயிலி என்பார்கள். 1937-ஆம் ஆண்டு சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு அறிஞர்கள் பூனைக்காலி விதையிலிருந்து இந்தப் பொருளைப் பிரித்து எடுத்துக் காட்டினார்கள். செடியில் இருப்பதால் அது லேசானது என்று நினைக்க வேண்டாம். மாத்திரையும் சாப்பிட்டு, பூனைக்காலிப் பொடியும் சாப்பிட்டால் மருந்து கூடிப்போகும். பொடி சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

இரண்டாவது வழி, மாற்றுச் சாவி கொடுப்பது. இது டோபமைன் அல்ல. டோபமைன் போலவே பூட்டில் நுழைந்து திறக்கும். பிரமிபெக்சோல், ரோபினிரோல் என்று இரண்டு மருந்துகள் இப்படி வேலை செய்கின்றன. இந்தப் பாடம் இவற்றைப் பற்றியது.

மாற்றுச் சாவி நல்ல சாவிதான். ஆனால் அது நாம் நினைத்த பூட்டை மட்டும் திறப்பதில்லை. மூளையில் வேறு அறைகளுக்கும் அதே மாதிரிப் பூட்டு இருக்கிறது. தூக்கம், ஆசை, வாந்தி, ரத்த அழுத்தம் எல்லாவற்றிலும் அது கை வைக்கும். எல்லாருக்கும் இப்படி நடக்காது. யாருக்கு நடக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அதனால்தான் கவனம் வேண்டும்.

புள்ளியைப் பாருங்கள்

பிரமிபெக்சோல் அட்டையில் 0.125, 0.25, 0.5, 1 என்று எண்கள் இருக்கும். இது மில்லிகிராம் கணக்கு. இதில் எது பெரியது?

125 பெரியது என்று பலரும் சொல்வார்கள். தவறு. முன்னால் புள்ளி இருக்கிறது. நம் பாட்டிமார் சொன்ன கணக்கை நினைத்துக்கொண்டால் சுலபம். 0.125 என்றால் அரைக்கால். 0.25 என்றால் கால். 0.5 என்றால் அரை. அரைக்காலைவிடக் கால் பெரியது. காலைவிட அரை பெரியது. 0.5 மாத்திரை ஒன்றில் 0.125 மாத்திரை நான்கு அடங்கியிருக்கிறது.

இங்கே குழம்ப வேண்டாம். அரை என்றால் மாத்திரையைப் பாதியாக உடைப்பது என்று பொருள் அல்ல. மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் அளவு அது. மாத்திரை முழுதாகத்தான் இருக்கும்.

பிரமிபெக்சோலைப் பெரும்பாலும் அரைக்கால் மாத்திரையில்தான் தொடங்குவார்கள். ஒரு நாளைக்கு மூன்று வேளை. பிறகு ஒரு வாரம் போல விட்டு விட்டுக் கொஞ்சம் கூட்டுவார்கள். நல்ல அளவுக்கு வர வாரக்கணக்கில் ஆகும். முதல் வாரத்திலேயே நடுக்கம் நிற்கவில்லையே என்று இரண்டு மாத்திரை போட்டுக்கொள்ளக் கூடாது. மெதுவாகக் கூட்டினால்தான் உடம்பு ஏற்கும்.

சில மாத்திரைகள் நாள் முழுதும் மெல்ல மெல்லக் கரையும். அவற்றின் பெயருக்குப் பின்னால் ஆங்கிலத்தில் ஈ.ஆர். அல்லது பி.ஆர். என்று இருக்கும். இவற்றை உடைக்கக் கூடாது. பொடிக்கக் கூடாது. மெல்லக் கூடாது. உடைத்தால் ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும். விழுங்க முடியவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வேறு மாத்திரை எழுதித் தருவார்.

பெயரையும் பாருங்கள்

ரோபினிரோல் என்று ஒரு மருந்து. ரிஸ்பெரிடோன் என்று இன்னொரு மருந்து. இரண்டும் ஆங்கிலத்தில் ஆர் எழுத்தில் தொடங்குபவை. ஆனால் வேலை நேர் எதிர். முதல் மருந்து பூட்டைத் திறக்கும். இரண்டாவது மருந்து பூட்டை அடைக்கும். அது மனநோய்க்குக் கொடுப்பது. நடுக்குவாதக்காரர் அதைச் சாப்பிட்டால் உடம்பு இன்னும் விறைத்துப்போகும். அமெரிக்காவில் இந்த இரண்டையும் மாற்றிக் கொடுத்துப் பலருக்குத் தொல்லை ஆனது. அதனால் 2011-ஆம் ஆண்டு அந்த நாட்டு அரசு எச்சரிக்கை வெளியிட்டது. படித்த மருந்துக் கடைக்காரர்களே தடுமாறிய இடம் இது. நாம் தடுமாறினால் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆங்கிலம் தெரியாதே என்று கேட்பீர்கள். தெரிய வேண்டாம். பழைய அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். கடைக்குப் போகும்போது எடுத்துப் போங்கள். புதிய அட்டையைப் பழைய அட்டையின் பக்கத்தில் வையுங்கள். கம்பெனிப் பெயர் மாறலாம். நிறம் மாறலாம். மருந்தின் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். அதை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எண்ணையும் ஒப்பிடுங்கள். கோலத்தில் புள்ளி ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது போலத்தான் இது. ஒத்துப்போகவில்லை என்றால் வாங்காதீர்கள். கேளுங்கள்.

திடீர்த் தூக்கம்

இந்த மாத்திரை சிலருக்குத் தூக்கம் கொண்டுவரும். சாதாரணத் தூக்கம் என்றால் கொட்டாவி வரும். கண் சொருகும். நமக்கே தெரியும். ஆனால் இது சிலருக்குச் சொல்லாமல் வரும். பேசிக்கொண்டே, சாப்பிட்டுக்கொண்டே தூங்கிவிடுவார்கள்.

1999-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர்கள் எட்டுப் பேரைப் பற்றி எழுதினார்கள். எட்டுப் பேரும் இந்த வகை மருந்து சாப்பிட்டவர்கள். வண்டி ஓட்டும்போதே தூங்கி விபத்தில் சிக்கினார்கள். சிலருக்குத் தூக்கம் வரப்போகிறது என்ற அறிகுறியே இல்லை.

மும்பை-புனே பழைய சாலையில் லாரியும் பஸ்ஸும் எப்படிப் போகின்றன என்று நமக்குத் தெரியும். அங்கே ஒரு நொடி கண் அயர்ந்தால் போதும். மாத்திரை தொடங்கும்போதும், அளவைக் கூட்டும்போதும் வண்டி ஓட்ட வேண்டாம். எப்போது ஓட்டலாம் என்று மருத்துவர் சொல்லட்டும். பகலில் ஒரு முறை திடீரென்று தூங்கிவிட்டாலும் வண்டிச் சாவியை வீட்டில் கொடுத்துவிட வேண்டும். லேத், பிரஸ் போன்ற மெஷினில் நிற்பவர்களுக்கும் இதே சொல்தான். அடுப்பில் எண்ணெய் காயவைக்கும் பெண்களுக்கும் இதே சொல்தான். சாராயம், பீர் எல்லாம் இந்தத் தூக்கத்தைக் கூட்டும்.

படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் சிலருக்குக் கண் இருட்டும். ரத்த அழுத்தம் இறங்குவதால் அப்படி ஆகிறது. முதலில் உட்காருங்கள். இரண்டு நிமிடம் காலைத் தொங்கப் போடுங்கள். பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்திருங்கள். இரவில் கழிவறைக்குப் போகும்போது விளக்குப் போடுங்கள். வயதானவர் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், நடுக்கத்தைவிட அது பெரிய கஷ்டம்.

சொல்லக் கூச்சப்படும் விஷயம்

இதைத்தான் யாரும் வீட்டில் பேசுவதில்லை. ஆகவே கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் முப்பது வருஷம் தொழிற்சாலையில் வேலை செய்தவர். டீக்கடைக்குக்கூடக் கணக்குப் பார்த்துச் செலவு செய்வார். ஓய்வு பெற்றார். நடுக்குவாதம் வந்தது. மாத்திரை தொடங்கினார். கை நடுக்கம் குறைந்தது. எல்லாருக்கும் சந்தோஷம்.

சில மாதம் போனது. பெரியவர் லாட்டரிச் சீட்டு வாங்கத் தொடங்கினார். முதலில் ஒன்று. பிறகு தினமும் பத்து. பிறகு மட்காவில் பணம் கட்டினார். பி.எஃப். பணம் கரைந்தது. மகளுக்கு என்று வைத்த நகையும் அடகுக்குப் போனது. மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஏங்க, இந்த வயசுல உங்களுக்கு என்ன கேடு? யாரு உங்களைக் கெடுத்தது?"

"யாரும் கெடுக்கலடி. வேண்டாம்னுதான் நினைக்கிறேன். கால் தானா அங்க போகுது."

அந்தப் பெரியவர் பொய் சொல்லவில்லை. மாற்றுச் சாவி ஆசை அறையின் பூட்டையும் திறந்துவிட்டது. சூதாட்டம் மட்டும் அல்ல. சிலர் தேவை இல்லாமல் சாமான் வாங்கிக் குவிப்பார்கள். சிலர் நடுராத்திரியில் எழுந்து சாப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். சிலருக்கு உடல் உறவில் ஆசை அளவு மீறிப்போகும். மனைவி வாய் திறந்து சொல்ல முடியாமல் தவிப்பாள். பெண்களுக்கும் இப்படி ஆவது உண்டு.

இது எத்தனை பேருக்கு வரும்? அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளைக் கேட்டுப் பார்த்தார்கள். 2010-ஆம் ஆண்டு கணக்கு வெளிவந்தது. மாற்றுச் சாவி மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்குப் பதினேழு பேருக்கு இந்த மாதிரிப் பழக்கம் இருந்தது. அதைச் சாப்பிடாத நடுக்குவாதக்காரர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குத்தான் இருந்தது. பதினேழு என்பது சின்ன எண் அல்ல. ஆறு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது குணக்கேடு அல்ல. மருந்தின் வேலை. மருத்துவர் அளவைக் குறைத்தாலோ, மருந்தை மாற்றினாலோ பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் யாராவது சொன்னால்தானே மருத்துவருக்குத் தெரியும்? நோயாளி தானாகச் சொல்வது அபூர்வம். சிலருக்குத் தன்னிடம் மாற்றம் இருப்பதே தெரியாது. ஆகவே மாத்திரை தொடங்கும் நாளிலேயே வீட்டில் ஒருவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மனைவியோ, மகனோ, மருமகளோ. ஏ.டி.எம். அட்டையும் அடகுச் சீட்டும் அவர் கண்ணில் படும்படி இருக்கட்டும். கௌரவம் பார்த்து மூடி வைத்தால் வீடு போகும். என் கருத்து இதுதான்: மருத்துவர் கேட்காவிட்டாலும் நாம் சொல்லிவிட வேண்டும்.

சிலருக்கு, முக்கியமாக வயது முதிர்ந்தவர்களுக்கு, இல்லாத உருவம் தெரியும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள். செத்துப்போன உறவுக்காரர் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்பார்கள். பேய் ஓட்ட வேண்டாம். மருத்துவரிடம் போங்கள்.

சட்டென்று நிறுத்தாதீர்கள்

மேலே சொன்ன பெரியவரின் மனைவி என்ன செய்தாள் தெரியுமா? "இந்த மாத்திரைதானே குடியைக் கெடுத்துது" என்று அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டாள். அவள் கோபம் நியாயம்தான். ஆனால் செய்தது ஆபத்து.

இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு கட்டை போல் ஆகலாம். கடும் காய்ச்சல் வரலாம். நினைவு தவறலாம். உயிருக்கே ஆபத்து ஆகலாம். சிலருக்குப் பயம், வியர்வை, மனச்சோர்வு வந்து வாட்டும். ஏற்றியது போலவே படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். அதை மருத்துவர் செய்ய வேண்டும். தொந்தரவு பெரிதாக இருந்தால் அன்றைக்கே போங்கள். மாத்திரை அட்டையையும் கையில் கொண்டு போங்கள்.

ஊருக்குப் போகும்போது கவனம். திருநெல்வேலிக்கோ சேலத்துக்கோ ரயில் ஏறினால், போக வர ஆகும் நாளையும் எண்ணி மாத்திரை எடுத்து வையுங்கள். பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். ஒரு வேளை மறந்தால், அடுத்த வேளையில் இரண்டு சேர்த்துப் போடக் கூடாது. பல நாள் விட்டுப்போயிருந்தால் பழைய அளவில் தொடங்கக் கூடாது. மருத்துவரைக் கேளுங்கள். மறுபடி சின்ன அளவிலிருந்து ஏற வேண்டியிருக்கும்.

வேறு மருந்து சேரும்போது

இந்த மாத்திரையால் முதலில் குமட்டல் வரும். சாப்பாட்டோடு சாப்பிட்டால் குறையும். குறையவில்லை என்றால் கடையில் போய் வாந்தி மாத்திரை என்று பொதுவாகக் கேட்காதீர்கள். மெட்டோகுளோபிரமைடு என்ற வாந்தி மருந்து டோபமைன் பூட்டை அடைக்கும். தலைசுற்றலுக்கு அடிக்கடி கொடுக்கும் புரோகுளோர்பெரசின் மருந்தும் அப்படித்தான். இந்தப் பக்கம் ஒரு மருந்து திறக்கிறது. அந்தப் பக்கம் ஒரு மருந்து அடைக்கிறது. நோயாளி நடுவில் மாட்டிக்கொள்கிறார்.

ரோபினிரோல் சாப்பிடுபவர்கள் சிப்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். அது ரோபினிரோலை உடம்பில் தேங்க வைக்கும். பிரமிபெக்சோல் சிறுநீர் வழியாக வெளியேறும் மருந்து. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவு குறைவாக வேண்டும். சர்க்கரை நோய் பல வருஷமாக இருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள்.

எங்கே போவது, என்ன சொல்வது?

பிம்ப்ரியில் சந்த் துக்காராம் நகரில் மாநகராட்சியின் ஒய்.சி.எம். மருத்துவமனை இருக்கிறது. புனே ஸ்டேஷன் பக்கத்தில் சசூன் அரசு மருத்துவமனை இருக்கிறது. நடுக்குவாதக்காரர்களும் குடும்பத்தாரும் சேர்ந்து நடத்தும் பார்க்கின்சன்ஸ் மித்ர மண்டல் என்ற அமைப்பும் புனேயில் உண்டு. பக்கத்தில் இருப்பவருக்கும் இதே நோய், இதே மாத்திரை என்றால் பேச்சு தானாக வரும்.

மருத்துவர் மராத்தியில் பேசினால் பயப்பட வேண்டாம். சில சொற்கள் போதும். சக்கர் யேத்தே என்றால் தலை சுற்றுகிறது. மளமள் ஹோத்தே என்றால் குமட்டுகிறது. அசானக் ஜோப் லாக்தே என்றால் திடீரென்று தூங்கிப்போகிறேன். பாஸ் ஹோதாத் என்றால் இல்லாதது தெரிகிறது. பண விஷயத்தைச் சொல்ல மகனையோ மகளையோ துணைக்கு அழைத்துப் போங்கள்.

ஒரு நோட்டு வாங்குங்கள். மாத்திரையின் பெயர், அளவு, போட்ட நேரம் மூன்றையும் எழுதுங்கள். எப்போது விறைப்பு வந்தது, எப்போது தூங்கினார் என்பதையும் எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை. எண்ணில் மட்டும் பிழை இருக்கக் கூடாது.

பயிற்சி

1. சீட்டில் 0.25 என்று இருக்கிறது. கடைக்காரர் 0.5 அட்டையைக் கொடுக்கிறார். மருந்து கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? எத்தனை மடங்கு? நீங்கள் கடைக்காரரிடம் என்ன சொல்வீர்கள்?

2. ஒரு நாளைக்கு மூன்று மாத்திரை. பத்து நாள் ஊருக்குப் போகிறீர்கள். ரயில் பயணம் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். எத்தனை மாத்திரை எடுத்து வைப்பீர்கள்?

3. பெரியவரின் மனைவி அட்டையைக் குப்பையில் போடுவதற்குப் பதிலாக என்ன செய்திருக்கலாம்? உங்கள் குழுவில் பேசுங்கள். பேசியதை ஐந்து வரியில் எழுதுங்கள்.